கலியன் வீட்டுத் தாலுகா எல்லை

தேசத்தை மாநிலங்களாகவும், மாநிலத்தை ஜில்லாக்களாகவும், ஜில்லாவைத் தாலுகாக்களாகவும் பிரித்த அரசாங்கம், தாலுகாக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தலையாரி கலியனிடம் விட்டிருந்தது. விருத்தாசலம் தாலுகா முடிந்து கடலூர் தாலுகா தொடங்கும் இடத்தில் நட்டிருந்த எல்லைக்கல்லுக்கு அவர்தான் காவல். கல் அசைந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு என்று கர்ணம் சொல்லிவைத்திருந்தார். அன்றிலிருந்து கலியன் மழைக்குப் பயந்தார்; கல்லில் முதுகு சொறிய வந்த எருமைக்கும் பயந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் ஊரை எடுத்துக்கொண்டது. சனங்களோடு கலியனும் பக்கத்திலிருந்த வடக்குத்து கிராமத்தில் குடிசை போட்டார். பல்சக்கரம் வைத்த ராட்சத மிஷின் மண்ணைத் தின்றுகொண்டே கல்லை நோக்கி வந்தது. அது விழுங்கினால் யாரைக் கேட்பார்கள்? கலியனைத்தான். ஆகவே கல்லைப் பெயர்த்து, வைக்கோலுக்குள் மறைத்து, வண்டியில் கொண்டுவந்து, தன் குடிசைக்கும் வெளியே போட்டிருந்த அடுப்படிக்கும் நடுவில் நட்டார். நட்ட பிறகுதான் உறைத்தது. அசையக்கூடாத கல்லை வண்டியேற்றியே விட்டாரே!

மனைவி தனம் அதன்மேல் துணி துவைத்தாள்.

"அடியே, அது சர்க்காரு கல்லுடி!"

"சர்க்காரு வேட்டியையும் கொண்டாரச் சொல்லு, சேத்துத் தொவைக்கிறேன். கல்லத் திருடிகினு வந்துட்டு என்னைய அதட்டுறியா?"

திருட்டு என்றதும் கலியன் ஓடிப்போய்ப் படலைச் சாத்தினார்.

அந்த வாரமே சர்வேயர் சிங்காரவேலு அளவுச் சங்கிலியோடு வந்து, சுரங்க விளிம்பில் நின்றார்.

"கல்லு எங்கய்யா?"

"அங்கதாங்க நின்னுச்சு." கலியன் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றைக் காட்டினார்.

சர்வேயர் எட்டிப் பார்த்தார். கீழே லாரி தீப்பெட்டியளவு தெரிந்தது. சட்டென்று கலியனின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையும் பிடிபட்ட தோளும் போட்டி போட்டு நடுங்கின.

"அங்கல்லாம் என்னால சங்கிலி புடிக்க முடியாது. கல்லு இருக்குதா, இல்லியா?"

"இருக்குதுங்க... வூட்ல."

"அத மொதல்லியே சொல்றதுக்கு என்னா!"

குடிசைக்கு வந்து, ஈரச் சேலையை விலக்கிக் கல்லைத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார் சர்வேயர். "சுண்ணாம்பு அடிச்சு வை. கல்லு நிக்கிற எடந்தான் எல்லை. இனிமே அசைச்சே, தொலைஞ்சே!"

வேலை தப்பியது. நிஜமான பயம் அப்புறம்தான் பிடித்தது. அப்படியானால் படுக்கை விருத்தாசலம், அடுப்பு கடலூர். ஒரு தாலுகாத் தலையாரி இன்னொரு தாலுகாவில் போய்ச் சோறு தின்ன உத்தரவு உண்டா? மேலிடத்தில் கேட்கலாம்; கேட்டால், கல் எப்படி அங்கே வந்தது என்பார்கள். ஆகவே கலியன் அடுப்படிப் பக்கமே போகாமல், குடிசைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

கல்லைச் சுற்றிக்கொண்டு தட்டோடு வருவாள் தனம்.

"இந்தாய்யா, கடலூர்லேந்து கொழம்பு வந்துருக்குது. சீக்கிரம் துன்னு, ஆறிடப்போவுது."