வெறும் தட்டு

எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்துவிட்டால், அந்த வருடம் எந்த வீட்டில் சாவு விழுந்தது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்காத வீடுதான் அது. ஓட்டு வீடோ மாடி வீடோ, மற்ற எல்லா வாசலிலும் ஒரு காகித ஸ்டாரும் அதற்குள் ஒரு பல்பும் எரியும். சாவு கண்ட வீட்டில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டியும் வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மற்ற வீடுகளுக்குப் போகும் தட்டு சும்மா திரும்பாது. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சாவு வீட்டிலிருந்து மட்டும் வெறும் தட்டு திரும்பும். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது, அதுதான் முறை.

போன டிசம்பரில் நான் ஸ்டார் கட்டினேன்.

அதற்கு முந்தைய மாதம் என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் நாட்டுப்படகில் கடலுக்குப் போனார்கள். அன்று காலையில் நல்ல வெயில் அடித்தது. என்னைப் பெற்ற அய்யா கொடுத்துவிட்ட மிளகாய் வத்தல் மூட்டையில் ஈரம் ஏறியிருந்ததால், அதை மாடியில் பரப்பிக் காயப்போட்டுவிட்டுத்தான் இவர் மத்தியானம் கிளம்பினார். இருட்டியதும் வாடைக்காற்று எழும்பிப் படகைக் கவிழ்த்துவிட்டது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரை வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்து கரை சேர்த்தது. காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்து மிதந்திருக்கிறார். கை இரண்டும் மடக்க முடியாமல் விறைத்துப் போயிருந்தன. என் வீட்டுக்காரர் வரவில்லை.

"அலை பிரிச்சிருச்சு மதினி. அண்ணன் எந்தப் பக்கம் போனாருன்னு நான் பாக்கல" என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். கூடப் பிறக்காத குறைதான்.

பார்க்கவில்லை என்றால் சாகவில்லை என்றுதானே அர்த்தம்? நான் கமுதிப் பக்கத்துக்காரி. மிளகாய்க் காட்டில் வளர்ந்து, இவரைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவள். எங்கள் ஊரில் செத்தவரை ஊரே வந்து பார்க்கும், குளிப்பாட்டுவார்கள், தூக்குவார்கள். கண்ணால் பார்க்காத சாவை நான் எப்படி நம்புவது? நீரோட்டம் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரைக்கு இழுத்துப்போய் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் கிடப்பார், பேச்சு வந்ததும் போன் பண்ணுவார் என்று இருந்தேன். தினமும் அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன். மிஞ்சிய சோற்றில் மாமியார் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் ஒன்றும் பேசாமல் குடிப்பார். மாடியில் கிடந்த வத்தல் மழையில் ஊறிக் கறுத்து அழுகிப்போனது. அதை அள்ளிக் கொட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கமுதியிலிருந்து அய்யா போன் பண்ணினார். "அங்கன இருந்து என்னத்தா பண்ணப்போற. இங்கன வந்துரு."

"அவக வந்ததும் ரெண்டு பேருமா வாரோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மாமியார் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டாரை வெளியே எடுத்தபோதும் அவர்தான் தடுத்தார். "வேணாம்த்தா. இந்த வருசம் கட்டாத."

"ஏன், உங்க மகன் செத்துப்போனாரா? நீங்க பாத்தீகளா?"

பேச்சால் ஒருத்தரை வெட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் உள்ளே போய்விட்டார். ஸ்டூல் போட்டு ஏறி நானே கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் எரிந்தது. தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சட்டென்று குனிந்து நடந்தார்கள்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு ஞாயிறு உண்டு. மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர். மற்ற வாரங்களில் பீடத்துக்குப் பக்கத்தில் ஊதா மெழுகுவத்தி எரியும், அன்றைக்கு ரோஸ் மெழுகுவத்தி. துக்கத்திலும் சந்தோசப்படத் தெரிந்தவன்தான் கிறிஸ்தவன் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். பிறகு, இந்த வருடம் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்ல ஆசைப்படுகிறவர்கள் மைக்குக்கு வரலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரி எழுந்து போனாள். என்னைவிட இளையவள், அக்கா அக்கா என்று என் அடுப்படியிலேயே கிடந்தவள்.

"எங்க வீட்டுக்காரர உசுரோட திருப்பிக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி" என்றாள். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுடையவரைத் திருப்பிக் கொடுத்தது ஆண்டவர் என்றால், என்னுடையவரைக் கொடுக்காமல் வைத்திருப்பது யார்? ஒரே படகு, ஒரே காற்று. போய் அந்த ரோஸ் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட வேண்டும் போலிருந்தது. அவள் புருஷன் கடைசி பெஞ்சில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பிழைத்து வந்தவரின் முகமாக அது இல்லை. அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை.

அந்த வாரமே பலகாரத் தட்டுகள் வர ஆரம்பித்தன. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. கொண்டுவந்தவர்கள் எரிகிற ஸ்டாருக்குக் கீழேயே நின்று, "தட்டு இருக்கட்டும், மெதுவா வாங்கிக்கிறோம்" என்று தணிந்த குரலில் சொல்லிப் போனார்கள். அது துக்கம் கேட்கிற குரல். எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தட்டையும் உடனே கழுவி, சீனியை அள்ளிப் போட்டு, அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய் நீட்டினேன். வாங்குகிறவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பக்கத்து வீட்டுத் தட்டில் மட்டும் வழிய வழியப் போட்டேன். அவள் வாங்கிக்கொண்டு அழுதாள். நன்றாக அழட்டும் என்று திரும்பி வந்தேன்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பொழுது சாயும் நேரத்தில் எங்கள் தெருவுக்குக் கேரல் வந்தது. ட்ரம், கிடார், முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா. ஆள் பிழைத்து வந்த வீடு என்று பக்கத்து வீட்டில் கூடுதலாக ஒரு பாட்டுப் பாடினார்கள். தாத்தா குதித்துக் குதித்து ஆடினார். எங்கள் வாசலுக்கு வந்ததும் ட்ரம் நின்றது. சாவு வீட்டைக் கடக்கும்போது அப்படி நிறுத்துவார்கள். தாத்தா முகமூடியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டு மெல்ல நடந்தார்.

"ஏன் நிப்பாட்டுனீங்க? ஸ்டாரு எரியுறது கண்ணுக்குத் தெரியலையா? அடிங்க" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அக்கா, பெரியவங்க ஏசுவாங்க" என்றார் ட்ரம் வைத்திருந்தவர்.

"யாருக்காக நிப்பாட்டுனீங்க? பேரச் சொல்லுங்க. இந்த வீட்டுல செத்தது யாரு?"

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலிலிருந்து இறங்கி வந்தார். கரைக்கு வந்த நாளுக்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை. "வேணாம், சொல்லாதீக, பண்டிகை முடியட்டும்" என்று அவர் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணன் செத்துட்டாரு மதினி. நான் பொய் சொன்னேன். அலை எங்களப் பிரிக்கல."

படகு கவிழ்ந்தபோதே என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் பலமான அடி. ஒரே கேனை இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே இவர் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

"கடைசியா என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"மாடியில வத்தல் கெடக்கு, அவ அள்ளுனாளோ என்னமோ, நனைஞ்சிரும்னாரு. அப்புறம் குளிருதுன்னாரு. அவ்வளவுதான். உசுரு போன பெறகும் ஒரு கையால பிடிச்சிட்டேதான் கெடந்தேன், ஒங்ககிட்ட கொண்டாந்து சேத்துரலாம்னு. வெயில் ஏறுனப்ப கை விட்டுப்போச்சு மதினி. நான் விடல. கை விட்டுப்போச்சு."

வாசற்படியில் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அழவில்லை. எப்போதோ அழுது முடித்த முகமாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டான். ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு நாந்தான் சொன்னேன்."

"தெனமும் உங்க மகனுக்குன்னு ஒல வச்சேனே, பாத்துக்கிட்டா இருந்தீக?"

"சொன்னா நீ கமுதிக்குப் போயிருவ" என்றார் மாமியார். "நா இங்கன ஒத்தையில என்ன பண்ணுவேன்."

பக்கத்து வீட்டுக்காரி பண்டிகை வரைக்குமாவது நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று மறைத்தாள். மாமியார் தனக்காக மறைத்தார். இரண்டுமே பாசம்தான். பெற்ற மகனின் சாவைத் தொண்டையில் வைத்துக்கொண்டு அவனுக்கென்று வடித்த சோற்றை மறுநாள் குடித்திருக்கிறாள் ஒருத்தி. இதைவிட என்னை அடித்துப் போட்டிருக்கலாம்.

ஸ்டூலைப் போட்டு ஏறி ஸ்டாரை அவிழ்த்தேன். பல்பு கையைச் சுட்டது. இறங்கி அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "ஒங்க வீட்டுல ரெண்டாக் கட்டுங்க. அங்கதான ஆளு வந்து சேந்திருக்கு."

இரக்கமில்லாமல்தான் சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். கேரல்காரர்கள் சத்தமில்லாமல் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு அழுத அழுகையை எழுத முடியாது. மாடிக்குப் போய் அழுகிய வத்தலை அள்ளிக்கொண்டே அழுதேன். கை எரிந்தது, கண் எரிந்தது. அழுது ஓய்ந்தபோது ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் கிடப்பார் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, கண்ணை மூடினால் அவர் நடுக்கடலில் தனியாகக் கிடந்து என்னைக் கூப்பிடுவதுதான் தெரியும். இனி அப்படித் தெரியாது. அவரை ஒரு கை பிடித்திருந்தது. வத்தலைப் பற்றிப் பேசப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. இதைச் சந்தோசம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்மஸ் காலைப் பூசையில் சாமியார் கூப்பிடாமலேயே மைக்குக்குப் போனேன்.

"எங்க வீட்டுக்காரரு தனியாச் சாகல. அதுக்கு ஆண்டவருக்கு நன்றி" என்றேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி தட்டோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு வாசலிலேயே நின்றாள். "இரு, தட்டை வாங்கிட்டுப் போ" என்றேன். மாமியாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இருவரும் அந்தத் தட்டில் இருந்ததைத் தின்றோம். முறுக்கு பதமாக வெந்திருந்தது. இத்தனை வாரத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். கைக்கு எட்டுகிற தூரத்தில் சீனி டப்பா இருந்தது. மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரம் போகத் துடைத்து வெறும் தட்டை அவளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.