மிளகு உறைத்தது

ஏரலுக்குப் போகும் வழியில் டீ குடிக்கக் காரை நிறுத்தியிருக்கிறேன். எதிர் வாழைத்தோட்டத்தில் இலை அறுத்த பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டதென்று அவள் கணவர் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார். கடைக்காரரிடம் மிளகு வாங்கி அவளுக்குக் கொடுக்கிறேன். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. இவ்வளவு படித்தும் எனக்கும் அதுதான்.

“உறைக்குதா, தாயி?”

“நல்லா உறைக்கு.”

“அப்போ ஒண்ணுமில்ல. பைய போலாம்.”

வெகுநேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். திடீரென அவள் இமைகள் தாமாகச் சரிகின்றன, நாக்கு குழறுகிறது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் செயற்கை மூச்சு கொடுக்கிறார்கள். வெளியே பெஞ்சில் கணவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“நீங்க தைரியம் சொல்லலன்னா பயந்தே செத்திருப்பேன், அண்ணாச்சி.”

என் கார் பக்கத்திலேயே நின்றது. அவர் பயந்திருந்தால் அப்போதே கிளம்பியிருப்போம்.