பலாப்பிஞ்சுக் குழம்புக்கு ஒரு சாட்சி

சின்னமனூரில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் எங்கள் பஸ்ஸின் அடுப்புக்குக் கரி போடுகிறார்கள். எதிரே உள்ள சோற்றுக்கடையில் உட்காருகிறேன். பக்கத்து இலையில், வீரபாண்டி அம்மனுக்குக் காப்புக் கட்டிய விவசாயி ஒருவர் குழம்புத் துண்டைக் கடித்ததும் வெளிறிப்போகிறார்.

"ஆத்தா, இது ஆட்டுக்கறியில்ல? என் விரதம் போச்சே."

"பலாப்பிஞ்சுய்யா. மசால்தான் கறிக்கு அரைக்கிற மசால்" என்கிறாள் கடைக்காரி.

அவர் என்னைப் பார்க்கிறார்.

"எனக்கும் கறி மாதிரிதான் தெரியுது" என்கிறேன்.

கடைக்காரி என்னை முறைத்துவிட்டு, ஒரு துண்டை வாசலில் கிடக்கும் நாய்க்கு எறிகிறாள். நாய் ஓடிவந்து முகர்கிறது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறது.

"பாத்தீகளா? கறின்னா விட்டிருக்குமா?"

அவர் முகம் தெளிகிறது. இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். கை கழுவும்போதுதான் யோசனை வருகிறது.

"ஏத்தா, நாய் திங்காததையா எனக்குப் போட்ட?"