மூச்சுக்கும் ஒரு குறி

இந்த ஊர்க்காரர்கள் ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஆஸ்லோவுக்கு வந்த புதிதில் ரொட்டிக்கடை அம்மாள் அப்படி ‘யா’ என்றபோது, நெஞ்சுவலி வந்துவிட்டதென்று பதறி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவளோ எனக்குத்தான் முடியவில்லை என்று நினைத்து என்னை அதில் உட்கார வைத்தாள். நான் ஒலியியல் படிக்க வந்தவன். கைச்செலவுக்குப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு வேலை. மலையோரக் குடியானவர்களின் பேச்சு டேப்பில் ஓடும். காதில் விழுந்ததை விழுந்தபடியே ஒலிக்குறிகளில் எழுத வேண்டும். எனக்கு நார்வே பாஷை அரைகுறைதான். அதனாலேயே உன் காது ஏமாறாது என்பார் பேராசிரியர். அந்த உள்மூச்சுக்கும் ஒரு குறி உண்டு. ஒருமுறை அதை விட்டுவிட்டேன். அவர் டேப்பைத் திருப்பி ஓடவிட்டு, "அந்தக் கிழவர் மூச்சை இழுத்தாரே, அது எங்கே?" என்றார். கேட்டதும் எனக்குச் சேலத்தின்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கப்பலேறும் முன், சேலத்துக் கல்லூரி ஒன்றில் டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு பரமத்தி வேலூர் போனேன். அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தாள் என் செசிலி அக்கா. மாமாவைக் காவிரி கொண்டுபோனதைப் பற்றி அதுவரை வாய் திறக்காதவள், அன்று திறந்தாள்.

"ஊட்டுக்கு வாரேன் அம்மிணின்னு போனவருங்க, சாமி. வரவே இல்லீங்க."

நடுவில் எங்கோ ஒரு மூச்சை இழுத்தாள். டேப் கல்லூரியுடையது, எழுதியெடுத்துத் தருவதாகச் சொல்லி அங்கிருந்த தமிழ் விரிவுரையாளர் வாங்கி வைத்துக்கொண்டார். நான் இங்கே இருக்கும்போதே அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் கல்லறைக்குக்கூடப் போகாமல் நேரே அந்த விரிவுரையாளரிடம் போனேன். சுத்தமாக எழுதிய ஒரு தாளை நீட்டினார். ‘இல்லத்திற்கு வருகிறேன் பெண்ணே என்று கூறிச் சென்ற என் கணவர் மீளவில்லை.’ கொச்சையை எல்லாம் நீக்கிவிட்டேன், இனி உங்கள் அக்காவைப் படிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது என்று பெருமை வேறு. டேப் எங்கே என்றேன்.

"சும்மா கிடந்துச்சு. ஆண்டு விழாப் பேச்சை அதுல பதிஞ்சுட்டோம்."

அந்தப் பேச்சு தமிழின் பெருமையைப் பற்றியதாம். உங்களையும்தான் கேட்கிறேன்: என் அக்கா பேசியது தமிழில்லை என்றால், அவள் எந்த பாஷையில் அழுதாள்?

போன வாரம் அவள் சொன்னதை இங்கத்திய ஒலிக்குறிகளில் எழுதிப் பார்த்தேன். எல்லாம் வந்துவிட்டது. மூச்சிழுத்த குறியை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. அம்மிணிக்கு முன்னாலா, பின்னாலா? பேராசிரியர் எட்டிப் பார்த்து, இது எந்தப் பள்ளத்தாக்குப் பேச்சு என்று கேட்டார். என் அக்காவின் பேச்சு என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"டேப் உங்கள் நாட்டில் பத்திரமாக இருக்கிறது, இல்லையா?"

அத்தனை ஆத்திரத்திலும் இந்த மனிதரிடம் என் ஊரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ‘யா’ என்றேன், மூச்சை உள்ளே இழுத்து, அவர்களைப் போலவே.