அத்தை எடுத்த மதர்போர்டு

அத்தை மடத்தில் சேர்ந்து சிஸ்டராகப் போகிறேன் என்று சொன்ன கோடையில்தான், அவளுடைய கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசசர் வாங்கித் தருகிறேன் என்று அப்பா கிளம்பினார். இரண்டும் ஒரே விஷயம் என்று ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த எனக்குத் தோன்றவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. அத்தை ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சென்டரில் கழித்துப்போட்ட பழைய 486 கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டு முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் ஜெபமாலை முடிந்த கையோடு அத்தை அதில் கார் ரேஸை ஆரம்பித்துவிடுவாள். "இவ மடத்துக்குப் போனா அங்க இருக்க மதரையும் கார்ல ஏத்தி ஓட்டிருவா" என்பாள் அம்மா.

அந்த ஆட்டத்தின் கடைசிப் பாதை ஒரு பனிமலை. அங்கே போனதும் எங்கள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். கார் ஓடாது, தவளைபோலத் தத்தித் தத்திப் பள்ளத்தில் போய் விழும். "போறதுக்கு முன்னாடி இந்த மலையில ஒருக்காவாது முதலா வந்துரணும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போவது என்றால் லீவுக்கு வருவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஹாஸ்டலில் படிக்கிற அக்காக்கள் வருவதுபோல. தாத்தா இறந்த பிறகு தங்கையை வளர்த்தவர் அப்பா. அண்ணன் வாயால் சரியென்று சொன்னால்தான் போவேன் என்று அத்தை சொல்லிவிட்டாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஈஸ்டரிலிருந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். அப்படி இருந்தவர் மில்லில் வார லீவு நாளன்று, சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு பாப்பா, வில்லிபுத்தூர் போயி நல்ல ப்ராசசரும் போர்டுமா எடுத்துட்டு வருவம்" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

நானும் தொற்றிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை நான். வாங்குகிற சாமான் வீட்டிலிருக்கும் பெட்டிக்குள் நுழையாமல் போய்விடுமோ, பஸ் குலுக்கலில் உடைந்துவிடுமோ என்று போகும்போதே கவலைப்பட்டுக்கொண்டு போனேன்.

பாத்திரக்கடை மாடியில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் ப்ராசசரைப் பொருத்துகிற மதர்போர்டுகள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் ப்ராசசரைப் பாட்டு கேசட் மாதிரி நிமிர்த்திச் செருக வேண்டும். அதன் விலை கூடுதல், ஆகையால் எங்கள் பணத்துக்கு அதில் சின்ன ப்ராசசர்தான் போட முடியும், ஆட்டம் கொஞ்சம் திக்கும். ஆனால் வருஷா வருஷம் புதிதாக வருவதை மாற்றிக்கொண்டே போகலாம். இன்னொன்றில் ப்ராசசரைச் சதுர வில்லையாகப் படுக்கவைத்துப் பக்கத்துக் கம்பியை அமுக்க வேண்டும். அதற்கு இருப்பதிலேயே வேகமானதை இன்றைக்கே போட்டுவிடலாம். ஆனால் அதோடு சரி. அடுத்து வரும் எதையும் அந்தப் போர்டு ஏற்காது.

அப்பா கேசட் போர்டின் மேல் கையை வைத்தார். "இதான். இப்ப சின்னதப் போடுவோம். அடுத்த வருசம் பெருசா மாட்டிக்கிடலாம்."

"அடுத்த வருசம் யாருண்ணே ஓட்டப் போறா?"

"நீதான் ஓட்டணும்."

அத்தை சதுரப் போர்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "எனக்கு இது போதும்ணே. வாங்குன அன்னைக்கே முழுசா ஓடும்."

"ஏட்டி, ஒரு மாசத்துக்குன்னு எவளாவது போர்டு வாங்குவாளா?"

சண்டை தன் சரக்கைப் பற்றியது என்றே நம்பிய கடைக்காரர் நடுவே புகுந்தார். "அண்ணாச்சி சொல்லுததுதான் சரிம்மா. இத எடுத்தீங்கன்னா அம்புட்டுதான், மேல போக வழி கெடையாது."

"நீங்க செத்த சும்மா இருங்கண்ணே. எங்கண்ணன் ஒரு ஆளே போதும்" என்றாள் அத்தை.

எனக்கு அப்பா கட்சிதான் நியாயமாகப் பட்டது. பிற்பாடு எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் அந்தக் கடையில் அன்றைக்கு எனக்கிருந்த தெளிவு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா சொல்றத எடு அத்தே. பொறவு வருத்தப்படுவ."

"வருத்தப்பட மாட்டேன்" என்றாள். கேட்டது நான், ஆனால் பதிலை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

மில்லில் நின்றுபோன மெஷினைப் பார்ப்பதுபோல அப்பா அந்தச் சதுரப் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அடுத்து எதுவுமே போட முடியாதா?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"முடியாது அண்ணாச்சி."

"ஏதாச்சும் ஒண்ணு?"

கடைக்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார். அப்பா போர்டைக் கீழே வைத்தார். "சரி, அவ கேக்கதையே குடுங்க." ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மற்றதை மாற்றித் தருவதாகச் சொல்லிக் கடைக்காரர் அதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது ராஜபாளையம் வழியாகப் போகிற சேத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அப்பா பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முன்சீட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மடத்துக்கு என்னைக்குப் போவணும்?"

அத்தை சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "ஜூன் மொத வாரம்ணே."

"நானே கொண்டுபோயி விடுதேன்."

எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. "அதுக்கு இன்னும் நாள் கெடக்குல்லப்பா! ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்தா அந்தக் கேசட் போர்டையே மாத்தித் தாரேன்னு கடைக்காரர் சொன்னாரு. அத்தை போறதுக்குள்ள மாத்திருவோம்" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டாள். அப்பா பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். இத்தனை நல்ல யோசனையை இரண்டு பேருமே ஏன் காதில் வாங்கவில்லை என்று ராஜபாளையம் வருகிறவரை நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.