பிரபு மகனின் வயதும் என் அக்காவின் வயதும்

ஈரப் பருத்தித் துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி இறங்கும்போது ஒரு வாசனை எழும். பாதி கருகல், பாதி மழை. சிவாஜிநகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அந்த வாசனை வந்தால் என் கால்கள் நின்றுவிடும். அது என் அக்காவின் வாசனை. பதின்மூன்று வயதில் பொம்மசந்திரா தையல் ஃபேக்டரியிலிருந்து முதல் நாள் வேலை முடித்து வந்து என் பக்கத்தில் படுத்தாளே, அன்றைய வாசனை. எனக்கு அப்போது ஏழு வயது. அவள் கழுத்தில் மூக்கை வைத்து, "நீ துணிக்கடை மாதிரி இருக்கே" என்றேன். "தூங்குடி" என்றாள். குரல் அதற்குள் வேறு யாருடையதோ ஆகியிருந்தது.

ஃபேக்டரியில் பதினெட்டுக்குக் கீழே எடுக்க மாட்டார்கள். அப்பாவுக்கு வேலை போயிருந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசை வீடுகளில் அந்த வருஷம் நிறைய பெண்களுக்குத் திடீரென்று வயது கூடியது. அக்காவுக்கு இரண்டு ரவிக்கைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, அம்மாவின் புடவையைச் சுற்றி, அப்பா ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் அவள் பல்லைப் பார்த்தார், சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பதுபோல. பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தார். பிறகு அந்த ஒரு தாள் குட்டி போட்டது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், எல்லாமே அதன் பிள்ளைகள். எல்லாவற்றின் முகத்திலும் அதே ஐந்து வருஷப் பொய். அவள் படித்த சின்னப் பள்ளிக்கூடம் இடிந்து அப்பார்ட்மெண்ட் ஆனது. பிறப்பை யாரும் பதிந்திருக்கவில்லை; பள்ளிப் பதிவேடு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

நாற்பது வருஷம் கழித்து ஃபேக்டரி அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தது. ஐம்பத்தெட்டு நிறைகிறது, மாதக் கடைசியில் ஓய்வு.

"எனக்கு அம்பத்துமூணுதான்டி" என்றாள் அக்கா. கடிதத்தை என் மடியில் எறிந்தாள். "என் அஞ்சு வருஷத்தை யாரு எடுத்துக்கினு போனது?"

அவளுக்கு வேலை வேண்டும். எனக்குத் தெரிந்து அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. காலர் தைப்பதில் ஃபேக்டரியில் அவள் உட்காரும் மெஷின் வரிசையில், அந்த லைனில், அவளுக்கு இணை கிடையாது. சட்டையின் கழுத்தை அவள் திருப்பிவிட்டால் அது தலை நிமிர்ந்து நிற்கும்.

நான் பிழைப்பது வேறு மாதிரி. வெளிநாட்டுப் பழைய ஆவணங்களைப் படித்து, சுருக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றும் ஓர் அலுவலகத்தில் வேலை. அக்காவின் சம்பளத்தில் படித்த இங்கிலீஷ்தான் எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தது. அந்த மாதம் என் மேஜைக்கு ஒரு பிரபு வந்தார்.

அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து. அகழி சூழ்ந்த கல்வீடு, மூன்று ஊர்களில் நிலம், ஒரு மாவு ஆலை, வேட்டைக்கு ஒரு மான்காடு. பிரபு கடல் தாண்டி பிரான்சுக்குச் சண்டைக்குப் போனார். திரும்பி வந்தது அவருடைய குதிரைக்காரனும் சாவுச் செய்தியும்தான். மனைவிக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூத்த மகள் கல்யாணமாகிப் போயிருந்தாள், இளையவள் கன்னியர் மடத்தில். கடைக்குட்டி மகனுக்கு ஆறு வயது. அந்த நாட்டுச் சட்டப்படி, ராஜாவிடம் நேராக நிலம் பெற்றவன் செத்தால் அவன் பிள்ளை தாயைச் சேராது, ராஜாவைச் சேரும். ராஜா அவனைப் பக்கத்துப் பிரபு ஒருவருக்கு விற்றார். பையனை, நிலத்தின் விளைச்சலோடு, அவனை யாருக்குக் கட்டிவைப்பது என்ற உரிமையையும் சேர்த்து. வாங்கியவர் தன் மகளையே கட்டிவைத்தார். பையனின் தாய், ராஜாவைக் கேட்காமல் இன்னொருவனை மணந்துகொண்டாள். அதற்கு அபராதம். அந்த வரியை டைப் செய்தபோது எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

பையனுக்கு இருபத்தொன்று நிறைந்தால் நிலம் கைக்கு வரும். ஆனால் நிறைந்ததா? பையனை வாங்கிய பிரபுவுக்கு அவன் சின்னவனாகவே இருப்பதுதான் லாபம். பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று அந்த நாட்டில் அன்றைக்குக் கிடையாது, அரண்மனையிலும் கிடையாது. அதனால் ஊரில் பன்னிரண்டு ஆண்களை அழைத்து நிறுத்தினார்கள். ஒவ்வொருவனும் சத்தியம் செய்து சொன்னான். ஒருவன்: அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் நான் குதிரையிலிருந்து விழுந்து கால் உடைந்தது. இன்னொருவன்: அந்த வாரம் என் வீடு எரிந்தது. மற்றொருவன்: அன்றைக்குத்தான் என் மனைவியைப் புதைத்தேன். தங்கள் காயங்களை எண்ணி அவனுக்கு வயது சொன்னார்கள். ராஜா ஒப்புக்கொண்டார். பையன் மண்டியிட்டு எழுந்தபோது நிலத்துக்குச் சொந்தக்காரன்.

இதே மாதிரி வேறு குடும்பங்களின் ஆவணக் கட்டுகளையும் புரட்டினேன். எல்லா ஊரிலும் யாரோ ஒருவனுக்குக் கால் உடைந்திருந்தது. அத்தனை கால்களா? பாதியாவது கட்டுக்கதை. இருந்தும் ராஜா ஒப்புக்கொண்டார். அதுதான் என்னை எரித்தது. பிரபு மகனுக்கு ஊர்க்காரனின் ஞாபகம் போதும். ஒரு தையல்காரியின் ஞாபகத்துக்கு மட்டும் முத்திரை வேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டில் சாட்சிகளைக் கூட்டினேன். நாங்கள் வளர்ந்த வரிசை வீடுகளில் குடியிருந்து, இன்னும் உயிரோடு இருப்பவர்கள். அக்கா எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டே முணுமுணுத்தாள்.

"இன்னாடி இது, எனக்கு இப்போ பேர் வைக்கிற விசேஷமா?"

பக்கத்து வீட்டில் இருந்த அம்மாள் முதலில் பேசினாள். அவளுக்கு அறுபத்தாறு. "நான் வயசுக்கு வந்து உள்ளே உக்காந்துனு இருந்தேன். ஒம்பதாவது நாளு. உங்கம்மா வலியில கத்துறது ஜன்னல்ல கேக்குது, எனக்கோ வெளியே வரக்கூடாது. அழுதேன்." சடங்குக்கு எடுத்த போட்டோவைக் கொண்டுவந்திருந்தாள். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும்.

குதிரை வண்டி ஓட்டிய பாய், எழுபத்தைந்து வயது, பழைய லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்தார். "அரே, லைசென்ஸ் எடுத்த மொதல் வாரம். மொதல் சவாரியே உங்கம்மாதான். ஆஸ்பத்திரி கேட்டாண்ட குதிரை லாடம் கழண்டுபோச்சு. நான் லாடத்தைத் தேடினு இருந்தேன், வண்டிக்குள்ளயே இந்தப் பொண்ணு பொறந்துட்டா. லாடம் கெடைக்கவேயில்ல."

"பொண்ணு கெடைச்சுதில்ல பாய், விடுங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "எனக்கும் ஞாபகம் இருக்கு. அன்னிக்குக் காலையில கொழாயடியில உங்கம்மா என் கொடத்தை உடைச்சா. சண்டை முடியறதுக்குள்ள வலி வந்துடுச்சு அவளுக்கு. நான் பாதியில நிறுத்தின ஒரே சண்டை அதுதான்."

சிரித்துச் சிரித்து அக்காவுக்குப் புரையேறியது. பிறகு சமையற்கட்டுக்குள் போனாள்; வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் ஒவ்வொன்றையும் எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். பதின்மூன்று பேர். பிரபு மகனைவிட ஒன்று அதிகம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஃபேக்டரியின் எச்.ஆர். அறையில் உட்கார்ந்தோம். எங்கள் எதிரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கலாம், சேலத்துப் பக்கம். தாள்களை நிதானமாகப் படித்தாள், குடம் உடைந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள்.

"அக்கா, இதெல்லாம் மெமரிதானே. டாகுமெண்ட் இல்லீங்களே."

"டாகுமெண்ட்டுலதான்மா பொய் இருக்கு."

"அந்த டாகுமெண்ட்டை நீங்கதானே குடுத்தீங்க?"

நான் குறுக்கே பாய்ந்தேன். பிரபு, அவர் மகன், பன்னிரண்டு பேர், உடைந்த கால், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். "மேடம் ஹிஸ்டரி டீச்சருங்களா?" என்றாள் அந்தப் பெண், உண்மையான ஆவலோடு. மேஜைக்குக் கீழே அக்கா என் காலை மிதித்தாள்.

"நான் குடுக்கலம்மா" என்றாள் அக்கா. "எங்கப்பா குடுத்தாரு. நான் புடவை அவுந்துடப் போவுதுன்னு இடுப்பைப் பிடிச்சினு நின்னேன். பதிமூணு வயசு. பாத்தாலே தெரியும் கொழந்தைன்னு. பாத்துட்டுத்தான் உங்க ஃபேக்டரி எடுத்துக்கிச்சு. அதையும் எழுதிக்கோ."

அந்தப் பெண் பேனாவை மூடினாள். கதவைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இதை எழுதினா கம்பெனிக்குப் பிரச்சினை. உங்களுக்கும்தான். பொய் வயசு சொல்லி ஏமாத்தினீங்கன்னு உங்க மேலயே திருப்புவாங்க. பேசாம சைன் போட்டுட்டீங்கன்னா மாலை, சால்வை, போட்டோன்னு மரியாதையா அனுப்புவாங்க."

"திருப்பட்டும். நாப்பது வருசமா காலரைத் திருப்புறவ நான். மாலை வேணாம். சைன் போடமாட்டேன்."

"போடலைன்னா மேல அனுப்பணும்க்கா. எப்போ முடியும்னு சொல்ல முடியாது."

"அதுவரைக்கும்?"

அவள் பதின்மூன்று தாள்களையும் தட்டி அடுக்கி, கோப்புக்குள் வைத்து, வெளியே ஓர் எண் எழுதினாள். அக்காவின் வாக்குமூலத்துக்கு ஒரு புதுத் தாள் எடுத்தாள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினாள், பதின்மூன்று என்பதை எழுத்திலும் எண்ணிலும். "அதுவரைக்கும் உங்களை லைன்லேர்ந்து எழுப்பச் சொல்லி யாரும் எனக்கு எழுத்துல குடுக்கல" என்றாள் அந்தப் பெண். "லைன்ல போய் உக்காருங்க."

வெளியே வந்தோம். தையல் கூடத்தின் வாசலில் நூற்றுக்கணக்கான மெஷின்களின் இரைச்சல் எங்கள் மேல் விழுந்தது. தோற்றுவிட்டோமா, ஜெயித்துவிட்டோமா, எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது, கோப்பு மேலே எங்கோ இருக்கிறது. அக்கா யோசிக்க நிற்கவில்லை. தலைத்துணியைக் கட்டினாள், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினாள்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வந்து கூட்டினு போகட்டும்?" என்றேன்.

"அஞ்சு வருசம் கழிச்சு வா" என்றாள்.