மரக்காணத்துக்குக் கொண்டுபோன சர்க்கரை

காலை 5.40, திருவான்மியூர்

வேன் வாசலில் வந்து நின்றபோது நான் இன்னும் தலை வாரி முடிக்கவில்லை. 2005 மே மாதம், கத்திரி தொடங்கிய வாரம். ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் பயிற்சியாளர். சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களுக்குப் போய், அவசர காலத்துக்கு எப்படித் தயாராக இருப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. இது பதினொன்றாவது ஊர். முதல் மூன்று ஊர்களில் இருந்த வேகம் எப்போதோ வடிந்துவிட்டது. இப்போதெல்லாம் முந்தின இரவே கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆனால் பட்டியலை மட்டும் விடமாட்டேன். முப்பத்தொரு பொருள். டார்ச், மாற்று பேட்டரி, கயிறு, மெழுகுவத்தி, கத்தரிக்கோல், குடிதண்ணீர் கேன் என்று போகும். வண்டிக்குத் தனியாக ஒரு பகுதி. கதவைப் பிடித்துக்கொண்டே வாசித்தேன்.

"ஸ்டெப்னி?"

"இருக்குது மேடம். நேத்துதான் காத்து புடிச்சேன்."

"ஜாக்கி? ஃபேன் பெல்ட்?"

"ரெண்டும் இருக்குது. நம்ம ரெண்டு பேரத் தவிர எல்லாத்துக்கும் மாத்து இருக்குது மேடம், ஏறுங்க" என்றார் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் வாடகை வேன் டிரைவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். போன மாதமும் அவர்தான் வந்தார். பேச்சு குறைவு, நெற்றியில் எப்போதும் திருநீறு. பின் இருக்கைகளை மடித்து நாற்பது முதலுதவிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். வண்டியில் உட்கார்ந்ததும் என் தைராய்டு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சாய்ந்துகொண்டேன்.

காலை 6.15, கோவளம்

டீக்கடை திறந்திருந்தது. பாய்லரில் ஆவி பறந்தது. எனக்கு அப்போதே ஒரு டீ இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஏகாம்பரம் நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். தெரிந்த ஓட்டல் எங்கோ இருக்கிறது, அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் இவருக்கு டிபன் இலவசம், எல்லா டிரைவர்களும் அப்படித்தான் என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டேன். வாய்விட்டுச் சொல்லும் தெம்பு இல்லை.

மாமல்லபுரம் தாண்டி ஒரு கீற்றுக்கொட்டகை ஓட்டலில் நிறுத்தினார். இட்லி ஒன்று இரண்டு ரூபாய், டீ மூன்று ரூபாய். நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். அவர் இரண்டோடு கையைக் கழுவிவிட்டு, "எனக்குச் சக்கர இல்லாம" என்று டீ மாஸ்டரிடம் சொன்னார்.

"சர்க்கரை இல்லாம எப்படிக் குடிக்கிறீங்க?" என்றேன்.

"பழகிடுச்சு மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. பணம் கொடுக்கும்போது கவனித்தேன். தன் டிபனுக்கு அவரே தனியாகக் கொடுத்தார். என் கணக்கு தப்பு என்று தெரிந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

காலை 8.40, மரக்காணம்

கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கடப்பாக்கம் என்று வரிசையாகக் கடந்து, நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியபின் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தட்டுகளாக விரிந்தது. உப்பளம். பாத்தி பாத்தியாகக் கட்டி, கழிமுகத் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு வாருகிறார்கள். வரப்பு நெடுக ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குவியல்கள். சிலவற்றின் மேல் பனையோலைக் கீற்று வேய்ந்திருந்தது. திடீர் மழை வந்தால் கரைந்துபோகாமல் இருக்க அந்த ஏற்பாடு. காலை ஒன்பதுக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. கீழிருந்தும் ஒரு வெயில் அடித்தது.

முக்கியச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அதன் முடிவில் ஒரு கொட்டகையும் ஒரு வேலிக்காத்தான் மரமும் இருந்தன. மரத்தடி நிழலில் வேனை நிறுத்தினார் ஏகாம்பரம். விடியுமுன்னே வேலைக்கு இறங்கிய பெண்கள் பத்தரை மணிக்குக் கரையேறுவார்கள், அதுவரை காத்திருங்கள் என்று மேஸ்திரி சொன்னார். செல்போனில் ஒரு கோடு கூட சிக்னல் இல்லை.

காலை 10.50, கொட்டகை

இருபத்தெட்டுப் பெண்கள். கால் நெடுக வெள்ளைப் பொருக்கு. உட்கார்ந்ததும் பாதிப் பேருக்குக் கண் சொருகியது. என்னைவிடக் களைத்தவர்களுக்கு நான் வகுப்பு எடுக்க வந்திருந்தேன்.

முன்வரிசையில் இருந்த சகுந்தலா என்ற பெண்தான் வாயைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். "நீங்க நாலாவது ஆளுங்க. மொத வந்தவங்க கயிறு கட்டக் கத்துக்குடுத்தாங்க. அப்பால ஒருத்தர் வந்து ஆளுக்கொரு விசில் குடுத்தாரு."

"விசில் வெச்சிருக்கீங்களா?"

"ஆடு ஓட்டறதுக்கு ஆவுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு வகுப்பு கொஞ்சம் உயிர் பெற்றது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் தயாரிப்பதைக் காட்ட இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தேன்.

"இது என்னாங்க, உப்பா? மெட்ராஸ்லேர்ந்து இங்க உப்பு கொண்டாந்தீங்களா?" என்றாள் சகுந்தலா. கொட்டகையே குலுங்கியது. சென்னைக் கடையில் வாங்கிய உப்பை மரக்காணத்துக்குச் சுமந்து வந்த புத்திசாலி நான் ஒருத்திதான். கரைசல் காட்டி முடித்ததும், மீதி இருந்த முக்கால் பொட்டலம் சர்க்கரையை அவள் கேட்டு வாங்கித் தன் சாப்பாட்டுப் பையில் முடிந்துகொண்டாள்.

பகல் 1.00

ஏகாம்பரம் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "மேடம், சாப்பாட்டுக்கு..." என்று தயங்கினார். மரக்காணம் கடைத்தெருவில் போய்ச் சேர்ந்து சாப்பிடலாம், அதுவரை பெட்டிகளை விட்டு நகராதீர்கள் என்று காலையில் சொல்லியிருந்தது நான்தான். அப்போது தீக்காயம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கி ஐந்து விரலையும் காட்டினேன். ஐந்து நிமிடம் என்று அர்த்தம். தலையாட்டிவிட்டுப் போனார்.

தீக்காயத்துக்குப் பிறகு பாம்புக்கடி. பாம்புக்கடியில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் முடித்தபோது மணி இரண்டேகால்.

பகல் 2.15, வேலிக்காத்தான் மரத்தடி

வேன் கதவு திறந்திருந்தது. ஏகாம்பரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை மழையில் நனைந்ததுபோல் உடம்போடு ஒட்டியிருந்தது.

"கிளம்பலாமா?"

"யாரு நீ? பஸ்ஸு போயிடுச்சு, போ" என்று வள்ளென்று விழுந்தார். நாக்கு குழறியது.

என் மனதில் முதலில் எழுந்த எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. பாண்டிச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது, மனுஷன் குடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கோபத்தோடு கிட்டே போனேன். சாராய வாடை இல்லை, வியர்வை நாற்றம் மட்டும்தான். கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. தொட்ட மாத்திரத்தில் ஆள் பக்கவாட்டில் சரிந்தார்.

நான் போட்ட கூச்சலில் பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு பேர் தூக்கிக் கொட்டகைக்குள் கிடத்தினார்கள். ஒருத்தி சட்டைப் பொத்தானைக் கழற்றினாள், ஒருத்தி தலையில் தண்ணீர் ஊற்றினாள், ஒருத்தி முறத்தால் விசிறினாள். இன்னொருத்தி தூக்குவாளியில் இருந்த நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி, தலையை நிமிர்த்தி வாயில் வைத்தாள். உப்பளத்தில் ஆள் விழுந்தால் வெயில் மயக்கம்தான், அதற்கு இதுதான் வைத்தியம். என் கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. சரியாகச் செய்கிறார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தேறவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. கை நடுங்கத் தொடங்கியது.

சகுந்தலாதான் கேட்டாள். "ஏங்க, வெயில்ல நின்னது நாங்க. இவரு காலையிலேர்ந்து நெழல்லதான குந்தினு இருந்தாரு? இவருக்கு எப்பிடி வெயில் அடிச்சிது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் சர்க்கரை போடாத டீ என் நினைவுக்கு வந்தது. ஏழு மணிக்கு இரண்டே இட்லி. "பழகிடுச்சு மேடம்." ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்றது. நான் காட்டிய ஐந்து விரல்.

"இவருக்குச் சுகர் இருக்கு! மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடல. சர்க்கரை வேணும்!" என்று கத்திக்கொண்டே வேனுக்கு ஓடினேன். பையைக் கவிழ்த்தேன். உள்ளே இருந்த பட்டியல் பொருளெல்லாம் மண்ணில் விழுந்தன. ஒரு மிட்டாய் இல்லை. முதலுதவிப் பெட்டிகளில் பஞ்சு, மருந்து, பிளாஸ்திரி. நாற்பது பெட்டி இருந்தும் ஒன்றிலும் இனிப்பு இல்லை. கடைக்குப் போக இரண்டு கிலோமீட்டர். வேனை ஓட்டத் தெரிந்தவர் உள்ளே படுத்திருக்கிறார். எதிரே வெள்ளை வெளேரென்று மலைமலையாகக் குவித்துக் கிடக்கிறது, அதில் ஒரு பிடி சர்க்கரையாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி ஓடிவந்தபோது சகுந்தலா தன் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் கொடுத்த பொட்டலம். அதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவள் நான்.

"வாயில போடவா, கலக்கவா?"

"கலக்குங்க. கெட்டியா."

என் பயிற்சி டம்ளரில்தான் கலக்கினாள். உட்காரவைத்து, அவர் விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, மடக்கு மடக்காகக் கொடுத்தாள். முதல் இரண்டு மடக்கு கடைவாயில் வழிந்தது. மூன்றாவது இறங்கியது. பிறகு அவரே டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நிமிடமோ கால் மணி நேரமோ ஆகியிருக்கும். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான கால் மணி நேரம் இல்லை. ஏகாம்பரம் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். "பொட்டிங்கள விட்டுட்டு வந்துட்டனா மேடம்?" என்றார்.

பிற்பகல் 3.10, மரக்காணம் கடைத்தெரு

அப்போதுதான் உப்பு ஏற்ற வந்து சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர் எங்கள் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். லோடு ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் திரும்பிவிடுகிறேன் என்றார். கிளம்பும்போது சகுந்தலா மீதிச் சர்க்கரையை முடிந்து என் கையில் திணித்தாள். "இத வண்டியிலயே வெச்சிக்கோங்க. மெட்ராஸ் உப்ப மட்டும் எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க." அந்தக் களைப்பிலும் அவளுக்குக் கேலி வந்தது.

கிளினிக்கில் டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். இன்னும் குறைவுதான், முதலில் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வரட்டும், மறுபடி பார்க்கலாம் என்றார். சாப்பாடு பதினெட்டு ரூபாய். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். மோர் வந்தபோது அவர் மெல்லச் சொன்னார்.

"மேடம், இத எங்க ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க. சுகர்னு தெரிஞ்சா சாவிய வாங்கிடுவாரு. பொண்ணு இன்னும் படிக்குது."

அவர் பிழைப்பும் நிஜம். அந்த நேரத்தில் வண்டி சாலையில் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் நிஜம். "நேரத்துக்குச் சாப்பிட்டா இப்படி ஆகாதுல்ல?" என்றேன்.

"இது வரைக்கும் ஆனதில்ல மேடம்."

மாலை 5.30, திரும்பும் வழி

இரண்டாம் முறை குத்திப் பார்த்துவிட்டு, இனி ஓட்டலாம், இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஏதாவது சாப்பிட வேண்டும் என்று டாக்டர் அனுப்பினார். நான் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். சர்க்கரைப் பொட்டலம் மடியில் இருந்தது. உப்புப் பாத்திகளில் மாலை வெயில் சிவந்து கிடந்தது. அழகாகத்தான் இருந்திருக்கும். நான் சாலையை விட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கல்பாக்கம் தாண்டி நிறுத்தச் சொல்லி ஆளுக்கு இரண்டு பன் வாங்கினேன்.

"காலையில கோவளத்துல ஏன் நிறுத்தல?" என்று கேட்டேன். ஏதாவது பேசிக்கொண்டே வர வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன்.

"நீங்க வண்டில ஏறுனதும் மாத்திர போடுவீங்கல்ல மேடம். போன மாசமே பாத்தேன். போட்டுட்டு மணியப் பாத்துனே இருப்பீங்க. வெறும் வயித்துல போடற மாத்திர, கொஞ்ச நேரம் எதுவும் சாப்புடக்கூடாதுபோலன்னு நெனச்சேன். கோவளம் சீக்கிரம் வந்துடும். அதான் மாமல்லபுரம் தாண்டி நிறுத்துனேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துகிற என் கணவருக்கு நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தெரியாது. அவருடைய டாக்டர் பெயரைக் கேட்டால் எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கேஸ் சிலிண்டர் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

மறுநாள் அலுவலகத்தில் பயண அறிக்கை எழுதினேன். ‘வழியில் நேர்ந்த சம்பவம், காரணம்’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. பத்து ஊர்களுக்கும் ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். இந்த முறை, ‘ஓட்டுநர் பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கேட்டார். பயிற்சியாளர் அனுப்பவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஊருக்கும் ஏகாம்பரத்தையே கேட்டு வாங்கினேன்.

அன்றும் கதவைப் பிடித்துக்கொண்டு பட்டியலை வாசித்தேன். முப்பத்தொன்றும் முடிந்ததும் காகிதத்தை மடித்துவிட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சு மேடம். நீங்க மாத்திர போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.